மணி அடித்ததாகச் சொன்ன மேனேஜர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிற கதை ஒன்று சொல்கிறேன்.

ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் அறையைப் பார்த்துக்கொண்டவள் ஒருத்தி. அவளுடைய அண்ணிக்கு அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. அறையின் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அதற்கான புரோகிராமைப் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் மேனேஜர். ஒரு மதியம் குளிரூட்டி நின்று தடுப்பூசி அத்தனையும் வீணாயிற்று. மறுநாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்: ‘மணி அடித்தும் தூங்கியவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.’

“அண்ணி, மணி அடிக்கவே இல்ல. நான் தூங்கல.”

“என்கிட்ட ஏன்டி சத்தியம் பண்ற? வா என்கூட.”

மேனேஜர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “எட்டுன்னு எழுதியிருக்குல்ல? கண்ணு தெரியுதா?”

“தெரியுது சார். இன்னிக்குக் காலையில திருத்தினதும் தெரியுது.”

“அது… சும்மா இடைவெளி சரிபண்ணேன்.”

“நல்ல இடைவெளி!” என்று அண்ணி விறுவிறுவென்று குளிர் அறைக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள்.

அவசரத்தில் அந்த மனிதர் ஒன்றை மறந்துவிட்டார். அங்குள்ள இயந்திரத்தில் அவர் எழுதிய வரிகள் கிடையாது. பைதான் அவற்றை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றி வைத்த பைட்கோடு மட்டும்தான். சும்மா பார்த்தால் கிறுக்கல். அண்ணி அதைப் பிரித்துக் காட்டும் கருவியை ஓட்டினாள். கட்டளைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள்.

“வெப்பத்தை எடு. பதினெட்டை எடு. முன்னது பெருசான்னு பாரு. இல்லன்னா மணியைத் தாண்டிப் போ.” திரும்பினாள். “பதினெட்டு சார்! அன்னிக்குப் பதினாறுதான் ஏறிச்சு. எங்க அடிக்கும் மணி?”

“யாராவது வேற ஃபைலைப் போட்டிருப்பாங்க.”

“எந்த ஃபோல்டர்ல உருவாச்சுன்னும் இதுலயே பதிஞ்சிருக்கு. படிங்க, உங்க பேர்ல இருக்கிற ஃபோல்டர்தான்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சரிம்மா, என் ரூம்ல பேசிக்கலாம்.”

பழி சுமந்த நாத்தனார் முன்னால் வந்து சீறினாள். “ரூம்ல என்ன பேச்சு? என் மானத்தைப் பலகையிலதானே ஏத்துனீங்க? அங்க வந்து கிழிங்க. தப்பு யாருதுன்னு உங்க கையாலயே எழுதி ஒட்டுங்க.”

கிழித்தார். எழுதினார். அவசரமாகக் கிறுக்கியதில் ‘பதினெட்டு’ கோணலாக விழுந்தது. “புரியல, திருப்பி எழுதுங்க” என்றாள் அவள்.

உங்கள் வீட்டுப் பெண்கள் யார்மீதும் செய்யாத தப்புக்குப் பழி விழாதிருக்கட்டும், கண்ணுகளா. விழுந்தாலும், கூட நின்று கேட்க அப்படி ஓர் அண்ணி வாய்க்கட்டும்.