பத்துக்கு ஒன்பதரை

அருவிக்குப் பத்துக்கு ஏழு மார்க்குத்தான் விழுந்தது. சேனாதிபதி சார் பாறைமேல் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார், நோட்டைத் திறந்து ஏழு என்று எழுதினார். பக்கத்தில் நின்ற முருகம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலை உண்டான நாளிலிருந்து விழுந்துகொண்டிருக்கிற தண்ணீருக்கு மதராஸிலிருந்து வந்த ஒரு ஆபீசர் மூன்று மார்க் குறைக்கிறாரே! ஆனாலும் குறைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். இன்னும் ரெண்டு குறைத்திருந்தால் இன்னும் நல்லது.

எண்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாதம். கல்லாற்றுப் பள்ளத்தாக்கை நேஷனல் பார்க்காக ஆக்கப்போகிறார்கள், ஜனங்கள் நடந்துபோய் மலையைப் பார்ப்பதற்கு வழி தேர்ந்தெடுக்க ஆபீசர் வருகிறார் என்று வட்டக்கானல் சிலுவைராஜ்தான் முதலில் வந்து சொன்னான். அவன் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டுகிறவன். நடந்துபோய் மலையைப் பார்ப்பது என்றால் என்ன சோலி என்று முருகம்மாளுக்குப் புரியவில்லை. சுமை இல்லாமல், மாடு தேடாமல், கடுக்காய் பொறுக்காமல், சும்மா நடப்பதாம். சரி, காசுள்ளவர்களுக்குக் காலும் பொழுதும் மிச்சம் என்று விட்டுவிட்டாள். ஆனால் சிலுவைராஜ் சொன்ன அடுத்த சேதி அவளை உட்காரவிடவில்லை. மூன்று வழி பார்ப்பார்கள், ஒன்றைத்தான் எடுப்பார்கள். எடுத்த வழி ஆற்றைத் தாண்டுகிற இடத்தில் கம்பிப் பாலம் போடுவார்கள்.

முருகம்மாளின் ஊர் நாச்சிக்கானல் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறது. கொடைக்கானல் ஆஸ்பத்திரி வடக்கே. வெயில் காலத்தில் முழங்கால் நனையத் தாண்டிவிடலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் ஆறு யாரையும் விடாது. போன ஐப்பசியில் அவள் மகள் கண்மணிக்கு வலி கண்டு, டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் இறக்கினார்கள். ரெண்டு நாள் தண்ணீர் இறங்கவில்லை. கரையில் ஒரு தட்டைப் பாறைமேல்தான் பிள்ளை பிறந்தது. பிறந்தபோது அதற்கு உயிர் இல்லை. குழி தோண்டியது முருகம்மாள். இடம் அவளுக்குத்தான் தெரியும், மகள் கேட்டும் சொல்லவில்லை. இப்போது கண்மணிக்கு ஏழு மாதம். மாப்பிள்ளை தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்து வேலையில் இருக்கிறார். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்துவிட்டாள். நாள் விழுவது இந்த ஐப்பசியில்.

அதனால் ஆபீசருக்கு வழிகாட்ட உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும் ஆண்களை முந்திக்கொண்டு முருகம்மாள் போய் நின்றாள். முதல் நாள் முகட்டு வழி. அந்த முகட்டில் பத்து மணிக்கு மேல் மஞ்சு ஏறிவிடும் என்று மலையில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் சாரை நிதானமாகக் காப்பி குடிக்கவிட்டு, பதினொரு மணிக்கு மேலே கொண்டுபோனாள். அவருக்குத் தன் கைகூடத் தெரியவில்லை. நாலரை மார்க். ரெண்டாம் நாள் வடகரை வழி. அருவிக்குப் போகிற நல்ல பாதையை விட்டுவிட்டு, தூறல் நின்ற கையோடு சோலைக்குள் அட்டை மேய்கிற பாதையில் கூட்டிப்போனாள். சார் அருவியைப் பார்த்ததைவிடத் தன் கெண்டைக்காலைப் பார்த்ததுதான் அதிகம்.

திரும்பும்போது, சாரோடு கூட வந்த சிலுவைராஜ் வழிக்கு அம்பு போடுகிற பெயிண்டு டப்பாவைத் தோள் மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"யக்கா, நல்ல ரூட்டு மேலாப்புல கெடக்கு. நீங்க ஏன் அட்டைக்குள்ள விட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு வா. நாளைக்கு வெள்ளனே கெளம்பணும்னு சாருகிட்ட சொல்லு. அஞ்சரைக்கெல்லாம் ஆத்துல நிக்கணும்."

மூன்றாம் நாள் ஊர் வழி. அதில் அவள் ஒரு சூதும் செய்யவில்லை, செய்ய வேண்டியும் இருக்கவில்லை. ஆற்றைத் தாண்டி நாச்சிக்கானல் ஏற்றத்தில் மூன்றாவது திருப்பத்தில் பள்ளத்தாக்கு வாயைத் திறக்கும். ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை, அதில் மூன்று இடத்தில் வெள்ளைக் கோடாகத் தண்ணீர். கீழே பெரியகுளத்துச் சமவெளி, அதற்கும் அப்பால் அணைத் தண்ணீரில் சூரியன் விழுகிற மினுக்கம். முருகம்மாள் அந்த இடத்தில் ஆயிரம் தடவை சுமையை இறக்கி இளைப்பாறியிருக்கிறாள். பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. பார்த்ததற்கு மார்க் உண்டென்று தெரியாது, அவ்வளவுதான்.

சேனாதிபதி சார் கால் மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு நோட்டில் ஒன்பதரை போட்டார்.

"அரை மார்க்கு எதுக்குங்க புடிச்சீங்க?"

"முழுசாக் குடுத்தா மேலிடத்துல நம்பமாட்டாங்கம்மா" என்று சிரித்தார். "இதுதான் வழி. சிலுவை, ஊருக்குள்ள போயிட்டு வந்து மார்க் பண்ண ஆரம்பிச்சிரலாம். பாலம் கீழ நாம தாண்டுன எடத்துலதான்."

"ஐப்பசிக்குள்ள முடிஞ்சிருங்களா?"

"முடிச்சிருவோம்" என்றார், நோட்டை மூடிக்கொண்டே.

முருகம்மாள் ஏற்றத்தில் ஓடாத குறையாக முன்னே நடந்தாள். எல்லைக்கல்லில் ஊர் மூப்பர் அழகுமலை துண்டைத் தோளில் போட்டு நின்று, "வாங்க சார்" என்று கும்பிட்டவர், குனிந்து ஆபீசரின் காலைப் பார்த்தார். முருகம்மாளும் அப்போதுதான் பார்த்தாள். மூன்று நாளாக அந்தப் பூட்ஸ் அவள் பின்னாலேயே வந்திருக்கிறது. மஞ்சைக் கணக்குப் போட்டாள், அட்டையைக் கணக்குப் போட்டாள், சூரியன் எந்தத் திருப்பத்தில் எப்போது விழும் என்று கணக்குப் போட்டாள். இதை மறந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து செருப்பே போடாதவளுக்குச் செருப்பு ஒரு தடை என்று எப்படி ஞாபகம் வரும்?

நாச்சிக்கானலில் எல்லைக்கல்லுக்கு உள்ளே யாரும் காலில் எதுவும் போடக்கூடாது. நாச்சியம்மன் கைப்பிள்ளையோடு மலையேறி வந்து, அலுத்துப்போய் அங்கேதான் படுத்தாள். ஊர்த் தெரு அவள் உடம்பு. செருப்பு பட்டால் அவள் மாரில் மிதித்த மாதிரி. அழகுமலையின் அப்பா காலத்தில் ஒரு காட்டிலாகா கார்டு பூட்ஸோடு உள்ளே வந்து மூன்றாம் நாள் ரத்தம் கக்கிச் செத்தான் என்பதை ஊரில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார்கள். அவன் குடித்த சாராயத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சேனாதிபதி சார் நல்ல மனுஷர். மறுபேச்சில்லாமல் பூட்ஸைக் கழற்றி எல்லைக்கல் ஓரம் வைத்துவிட்டு, சாக்ஸையும் உருவிவிட்டு, கல் குத்தக் குத்த நெளிந்துகொண்டே தெருவில் நடந்தார். சாவடியில் உட்கார்ந்து மோர் குடித்து முடித்தார். பிறகுதான் சொன்னார்.

"பெரியவரே, நான் கழட்டிட்டேன். சீசன்ல ஒரு நாளைக்கு நூறு பேர் வருவாங்க. ஸ்கூல் பசங்க, வெள்ளைக்காரங்க. வழி ஊருக்குள்ள போற இந்த அரை மைலுக்கு எல்லாரும் ஷூவைக் கையில தூக்கிட்டு நடப்பாங்களா? ஒருத்தன் போட்டுட்டு வந்தா நீங்க அடிப்பீங்க, கேஸ் ஆகும். ஷூவோட நடக்க நீங்க ஒத்துக்கிட்டாத்தான் வழி இங்க."

"ஊருக்குன்னு ஒரு மொறை இருக்குங்க" என்றார் அழகுமலை. "பாலத்துக்காக ஆத்தா மாருல மிதிக்க விடச் சொல்றீங்களா? எங்களுக்கு வேணாங்க."

"அப்ப வடகரை வழிதான். பாலமும் அருவிகிட்டப் போயிரும்."

அருவியிடம் பாலம் வந்தால் நாச்சிக்கானலுக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நடுவில் ஏற முடியாத பாறை. முருகம்மாள் ஆம்பளைகள் இருக்கிற சாவடிக்குள் கால் வைத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

"மாமா, போன ஐப்பசியில டோலிக்கு நீங்களும்தான தோள் குடுத்தீங்க. ஆத்தங்கரையில ரெண்டு நாளும் நின்னீங்க. எம்மக கத்துனது காதுல விழுகலியா?"

அழகுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது விதி, முருகம்மா."

"விதி இல்ல மாமா. தண்ணி. கழுத்தளவு தண்ணி."

சாவடியில் இருந்த ஒவ்வொருத்தர் வீட்டிலும் ஆற்றுக்குக் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. ஆனாலும் வாயைத் திறக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. நாச்சிமேல் பயம், அதைவிட அழகுமலைமேல் பயம். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர். சேனாதிபதி சார் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வடகரையில் இன்றைக்கே மஞ்சள் அம்பு போட ஆரம்பித்துவிடலாம் என்று சிலுவைராஜிடம் சொன்னார்.

முருகம்மாள் அவர்களுக்கு முன்னால் எல்லைக்கல்லுக்குப் போய்விட்டாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலை ஒரு பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஈரமாக, கதகதப்பாக இருந்தது. இன்னொரு காலும் அதற்குள்ளேயே போகும் போல அவ்வளவு இடம்.

"யக்கா, என்ன பண்றீங்க?" சிலுவைராஜ் டப்பாவைக் கீழே வைத்தான்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? நகரு."

எழுந்து நின்றாள். கல்லைத் தாண்டி உள்ளே முதல் அடி வைத்தாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவளும் அந்தக் கார்டு கதையைச் சோற்றோடு தின்று வளர்ந்தவள்தான். போதாக்குறைக்கு, காலுக்கடியில் தரையே தெரியவில்லை. நாற்பத்து ரெண்டு வருஷமாக உள்ளங்கால்தான் அவளுக்கு வழி சொன்னது. இப்போது காலுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. டொக், டொக் என்று கல்லில் விழுந்த சத்தம் அந்தத் தெரு கேட்டறியாத சத்தம். வாசல்தோறும் பெண்கள் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். யாரோ பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"ஏலே, புடிங்கடா அவள!" என்று அழகுமலை சாவடியிலிருந்து ஓடிவந்தார். இளவட்டங்கள் நாலு பேர் எழுந்தார்கள். ஆனால் பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பூட்ஸ் தங்கள்மேல் படும். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"ஊர விட்டு ஒதுக்கி வைக்க வேண்டி வரும், முருகம்மா. சொல்லிட்டேன்."

"வைங்க மாமா. பாலத்தப் போட்டுட்டு வைங்க. நடந்து போயிருறோம்."

தெருக்கோடியில் நாச்சியம்மன் கல். கூரை கிடையாது, குங்குமம் அப்பிய ஒரு நெட்டைக் கல், முன்னால் ஒரு பலகைக்கல். முருகம்மாள் போய் அந்தப் பலகைக்கல்லில் உட்கார்ந்து, ரெண்டு பூட்ஸையும் நாச்சிக்கு நேராக நீட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கியது. கும்பிடவில்லை.

"இந்தா, வந்திருக்கேன்" என்றாள். ஊருக்கே கேட்கும்படித்தான் சொன்னாள். "நீயும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த ஆத்தத் தாண்டித்தான வந்த? கேக்குறதா இருந்தா என்னயக் கேளு. எம்மக வயித்துப் பக்கம் திரும்பிப் பாத்தே, அப்புறம் ஒனக்கும் எனக்கும் பேச்சில்ல. மூணு நாள் இங்கேயே இருக்கேன். ரத்தம் கக்கிச் செத்தா வடகரையில பாலத்தப் போடட்டும். சாகலேன்னா இந்தத் தெருவுல நூறு பூட்ஸு நடக்கட்டும்."

சேனாதிபதி சார் வெறுங்காலோடு தெரு நடுவில் நின்றார். நோட்டைத் திறந்தார், மூடினார். எல்லைக்கல்லில் சிலுவைராஜ் பிரஷைக் கையில் பிடித்தபடி நின்றான். அதிலிருந்து மஞ்சள் பெயிண்டு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போது கண்மணி வீட்டைவிட்டு இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தெருவின் நடுவே மெதுவாக நடந்து வந்தாள். அழகுமலை ஏதோ சொல்லப்போனார். அவள் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வழி விட்டார்.

"நீ எதுக்குடி வந்த? வீட்டுக்குள்ள போ" என்றாள் முருகம்மாள்.

கண்மணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு அம்மன் கல்லுக்கு முதுகைக் காட்டி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பூட்ஸின் கயிறுகள் அவிழ்ந்து மண்ணில் புரண்டு கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். பூட்ஸ் கட்டத் தெரியாது அவளுக்கு. முரட்டுக் கிடாரியைக் கட்டுத்தறியில் கட்டும்போது போடுகிற முடிச்சைப் போட்டாள், ஒன்றுக்கு ரெண்டாக, பல்லைக் கடித்து இழுத்து. பிறகு அம்மாவின் மற்றக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.