இரண்டு வளையங்கள்

கொள்ளிடத்து மணல்தான் செவ்வாய்க் கிரகம். சித்தார்த்தனின் குறும்படத்துக்கு அவ்வளவு போதும். மீதிக்கு லின்சி செய்துவைத்த துப்பாக்கி இருந்தது. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த லின்சி இறந்து எட்டு மாதம். துப்பாக்கியை ஒரு பையில் போட்டு அவள் கணவன் ஜோஸ் கொண்டுவந்திருந்தான்.

நடிக்க வந்த ஃபெமினா அதைத் தூக்கி ஒரு கண்ணை மூடினாள். பின்பக்கம் சின்ன வளையம், முனையில் பெரிய வளையம். கண்ணிலிருந்து சரியான தூரத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த வட்டத்துக்குள் எதிரி தெரிய வேண்டும்.

"ஒட்டவே மாட்டேங்குதுண்ணா. ஒரு வளையம் தனியா மிதக்குது."

"கையை இன்னும் நீட்டு."

"இதுக்கு மேல நீட்டினா கை கழண்டு வந்துரும்."

சித்தார்த்தன் சூரியனைப் பார்த்தான். "ஒரு மணி நேரந்தான் வெளிச்சம் இருக்கும். பின் வளையத்தை வெட்டி ரெண்டு விரக்கடை முன்னாடி ஒட்டிரலாம் ஜோஸ்."

"வேணாம்."

"ஏன்?"

"அவ கைக்கு அளவெடுத்துச் செஞ்சது."

ஃபெமினா துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள்.

ஜோஸ் சற்றுத் தள்ளிப் போனான். துப்பாக்கி தானே குறி பார்க்கும் காலத்தில் வளையம் எதற்கு என்று ஒருமுறை கேட்டிருந்தான். "சுடறவ எங்க பார்க்கறான்னு படம் பார்க்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் லின்சி. இந்த வளையங்கள் ஒன்றாகும் இடத்தில்தான் அவள் கண் இருந்திருக்கும். அங்கே ஒரு நிமிடம் தன் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவள் அவன் தோளுக்குத்தான் இருப்பாள். முட்டியை மடக்கினான். அவள் கை குட்டை. முழங்கையையும் மடக்கினான். வளையம் மிதந்தது. இன்னும் மடக்கினான். இன்னும் விலகியது. இடது கண், வலது கண், மறுபடி இடது கண். தொடை நடுங்க ஆரம்பித்தது.

நிமிர்ந்தான். அலுத்துப்போய்க் கையை முழுதாக நீட்டினான்.

இரண்டு வளையமும் ஒன்றாயின. வட்டத்துக்குள் பாலத்தில் ஒரு பஸ் போனது.

அப்போதுதான் நினைவு வந்தது. கே.கே. நகர் மொட்டைமாடி. கையில் துப்பாக்கிக்குப் பதில் நீட்டிய திரைச்சீலைக் கம்பியோடு அவன். அவன் கண்ணோரத்தில் இஞ்ச் டேப்பை அழுத்தியபடி லின்சி. அவள் விரலில் பசை நாற்றம்.

"ஆபீஸுக்கு நேரமாச்சு லின்சி. நடிக்கப்போறது நானா?"

"வீட்டுல கெடச்ச ஆளு நீங்கதான். ஆடாம நில்லுங்க."

அரை மணி நேரம் நிற்கவைத்தாள். முழுக்க முழுக்க அவன் அளவு. அவள் இந்த வளையத்துக்குள் ஒருதரம்கூடச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. அவனைப் பார்த்துத்தான் செய்திருக்கிறாள்.

துப்பாக்கியை இறக்கினான். மணலில் நடந்து திரும்பி வந்தான்.

"ஆக்சா பிளேடு குடு."

"வேணாம்ணா, நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றாள் ஃபெமினா.

"பரவாயில்லம்மா. இது என் அளவுதான்."

ஃபெமினாவின் கண்ணிலிருந்து கைவரை டேப்பைப் பிடித்தான். பென்சிலால் ஒரு கோடு போட்டான். பின் வளையத்தின் அடியில் பிளேடை வைத்தான். லின்சி பசையை அள்ளிப் பூசியிருந்தாள். பிளேடு இறங்கவே இல்லை. சித்தார்த்தன் மறுபடி சூரியனைப் பார்த்தான். ஜோஸ் மெதுவாகத்தான் அறுத்தான்.