தொடங்கும் இடங்கள்

ரக்ஷிதாவுக்கு ஒன்பது வயது. புதிதாகப் பார்ப்பவர்கள் உயரத்தை வைத்து நான்கு என்பார்கள். காதுகள் மிகச் சிறியவை. இரண்டு காலிலும் முட்டிச் சில்லு கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது மூக்கில் குழாய் வைத்துத்தான் பால் இறங்கியது. அவளது மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததிலேயே அம்மா யசோதாவின் இளமை போனது. படிப்பில் மட்டும் ரக்ஷிதாவை வகுப்பில் யாரும் முந்தியதில்லை.

"வயித்துல இருக்கச்சே இவ ஒழுங்கா சாப்புடல. அதான் புள்ள இப்டி" என்று மாமியார் சம்பூர்ணம் அவர்கள் குடியிருந்த ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவள் யசோதாவுக்குச் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. யசோதா எதிர்த்துப் பேசியதில்லை. உண்மையாக இருக்குமோ என்று அவளுக்கே பயம்.

யசோதா மறுபடி உண்டானபோது, பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் கணவன் ஜெயவேலு பிடிவாதமாகத் தங்கள் மூவருக்கும் மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தான். முடிவு கேட்கப் போன அன்று ரக்ஷிதாவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. நான்கு பேருமே போனார்கள்.

டாக்டரம்மா தமிழிலேயே பேசினார்.

"ஒரு செல் ரெண்டாகணும்னா, அதுக்கு முன்னாடி டி.என்.ஏ.வ முழுசா பிரதி எடுக்கணும். அது ரொம்ப நீளம்மா. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சா முடியாது. ஆயிரக்கணக்கான இடத்துல தொடங்கணும். எங்க தொடங்கலாம்னு சில புரதங்கள் முன்னாடியே போய் உக்காந்து அனுமதி குடுக்கும். தொடங்கினதும் அந்த அனுமதி ரத்தாயிடும். இல்லேன்னா ஒரே இடத்தை திரும்பத் திரும்ப எடுத்து எல்லாம் கெட்டுப்போயிடும்."

"இவளுக்கு?" என்றான் ஜெயவேலு.

"அந்தப் புரதங்கள்ல ஒண்ணு பலவீனம். கம்மியான இடத்துலதான் அனுமதி கிடைக்குது. செல் மெதுவாத்தான் பெருகுது. கருவுல வேகமா வளரவேண்டிய நேரத்துல வேணுங்கிற அளவு சேரல. அம்மா சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பா, அம்மா ரெண்டு பேர் மரபணுவுலயும் ஒவ்வொரு பழுது இருக்கு; ரெண்டும் சேந்து இவளுக்கு வந்திருச்சு. ஒரே தாத்தா பாட்டி வழியா வந்திருக்கு."

அந்தத் தாத்தா பாட்டி சம்பூர்ணத்தைப் பெற்றவர்கள்; அவள் வழியாகத்தான் அது ஜெயவேலுவுக்கு வந்திருந்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். இத்தனை வருஷத்துப் பழி நீங்கியும் யசோதாவுக்கு நிம்மதி வரவில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது.

கருவைச் சுற்றியிருந்த நீரை எடுத்துச் சோதித்தார்கள். அந்தக் குழந்தைக்கும் அதேதான்.

"வேணாம் யசோ" என்றான் ஜெயவேலு. "அந்தக் குழாய், அந்த மூச்சு... இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது."

"ரக்ஷி நல்லாத்தானே இருக்கா மாமா?"

"அவ பொழச்சிட்டா. இதுவும் பொழைக்கும்னு யாரு சொல்வாங்க?"

யசோதா யோசிப்பதற்குள் கருவைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கும் கடைசி நாள் நெருங்கியது. டாக்டரம்மா எந்தப் பக்கமும் சொல்லவில்லை. கடைசியில் யசோதாதான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்திருந்தவளிடம் ரக்ஷிதா வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா எங்கம்மா?"

"தானா கலைஞ்சிடுச்சுடா."

"சுள்ளு சொல்லாதம்மா." பொய்க்கு அவள் வாயில் எப்போதும் பள்ளியில் பழகிய கன்னடச் சொல்தான் வரும். "டாக்டர் சொன்னத நானும் கேட்டேன். என்னை மாதிரி இருக்கும்னுதானே வேணாம்னுட்டீங்க?"

யசோதா அவளை இழுத்து அணைத்தாள். ரக்ஷிதா அழவில்லை, விலகவுமில்லை. அணைப்புக்குள் விறைப்பாக இருந்தாள்.

அவர்கள் வீடு இரண்டாம் மாடி. மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், வழக்கம்போல் தூக்கிக்கொள்ள ஜெயவேலு கீழே குனிந்தான்.

"வேணாம்ப்பா. நானே ஏறிக்கிறேன்."

கம்பியைப் பிடித்து, முட்டி மடங்கும்போதெல்லாம் நின்று நின்று, அவள் ஏறினாள். நீட்டிய கையோடு அவன் ஒரு படி பின்னால் வந்தான். மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யசோதா நின்றிருந்தாள். ரக்ஷிதா இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரையும் தூக்க விட்டதில்லை.