அது பாட்டுக்கு வரும் சிரிப்பு

டாக்டர் அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டினார். போன் திரையில் ஐந்து வயது மோனிஷா கலகலவென்று சிரித்தாள். பின்னால் கைதட்டல். "இன்னொருக்கா சிரி, அம்மிணி!" என்று அவள் அப்பா பூபதிராஜாவின் குரல்.

"இதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. ரொம்ப அபூர்வம்," என்றார் டாக்டர்.

யோகப்பிரியா மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஏனுங்க டாக்டர், வலிப்புன்னா கை காலு இழுக்குமில்லீங்களா? இவ சிரிக்கத்தானுங்க செய்யறா?"

"வாய்தான் சிரிக்குது. கண்ணைப் பாருங்க."

பார்த்தாள். கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

மூளைக்கு அடியில் பிறவியிலேயே ஒரு சின்னக் கட்டி. முதலில் மாத்திரை, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். அவளுக்கு அந்தக் கண்கள் மட்டும்தான் புரிந்தன.

வேலந்தாவளத்தில் பஸ் மாறும்போது கணவனைப் போனில் கூப்பிட்டாள். அவன் லாரியோடு நாக்பூர் பக்கம் இருந்தான்.

"சிரிக்கறதுக்கு மாத்திரையா? அந்தாளு பொறந்ததுலேருந்து சிரிச்சிருக்க மாட்டானாட்டம். குடுத்துப்போடாதே புள்ளே, நான் வந்து பாத்துக்கறேன்."

எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு நடுவே தனி வீடு. அவன் லாரி ஏறிவிட்டால் அவளுக்கு மகளின் சிரிப்புதான் துணை. அது கேட்டால் அடுப்படியில் இருந்தபடியே அவளும் சிரிப்பாள். பூபதிராஜா அதை இருவர் போனிலும் ரிங்டோனாகவே வைத்திருந்தான்.

மாத்திரை கொடுத்தால் அந்தச் சிரிப்பும் போய்விடும். அட்டையைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மோனிஷா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். யோகப்பிரியா இந்தத் தடவை கூடச் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள். கண்கள் சுவரில் குத்திட்டு நின்றன. பிறகு, வந்த மாதிரியே சிரிப்பு நின்றது.

"நீ ஏம்மா சிரிக்கல?" என்றாள் மோனிஷா.

"உனக்கு எதுக்குக் கண்ணு சிரிப்பு வந்துச்சு?"

"அது பாட்டுக்கு வரும். எனக்குப் புடிக்கவே புடிக்காது. நீயும் அப்பாவும் சிரிக்கறீங்கல்ல, அதான் சொல்லல."

வீடியோவில் கேட்ட கைதட்டல் யோகப்பிரியாவின் காதில் மறுபடியும் கேட்டது. அதில் அவள் கையும் இருந்தது.

அட்டையைப் பிரித்தாள். மாத்திரையைக் கரைத்து ஊட்டிவிட்டு மகளின் வாயைத் துடைக்கும்போது, போன் கலகலவென்று சிரித்தது. மோனிஷா அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"குடுத்துட்டேனுங்க," என்றாள் யோகப்பிரியா, போனை எடுத்ததும்.

"சொன்னாக் கேக்க மாட்டியா புள்ளே?" லாரி இரைச்சலுக்கு மேல் கத்தினான் பூபதிராஜா.

"திட்டறதுன்னா வந்து திட்டுங்க. மொதல்ல உங்க போன்ல அந்தச் சத்தத்தை மாத்துங்க. அது நம்ம புள்ள சிரிக்கறது இல்லீங்க."