அளவுத் துப்பாக்கி

டெக்சஸில் இருக்கிற காப்பெல் ஊர்த் தமிழர்கள் எதையும் தனியாக வாங்க மாட்டார்கள். ஒருவர் மினிவேன் வாங்கினால் அந்தத் தெருவில் அதே நிறத்தில் இன்னும் மூன்று வந்து நிற்கும். ஒரு வீட்டுத் தோசைக்கல் நன்றாக இருக்கிறது என்று பேச்சு கிளம்பினால் அடுத்த வாரமே ஊர் முழுக்க அதே கல்தான் அடுப்பில் ஏறும். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஆண்கள் மான் வேட்டைக்குக் கிளம்பியபோது, டாக்டர் பேரின்பநாதன் கைகாட்டிய துப்பாக்கியையே எல்லோரும் வாங்கியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. முந்நூறு மேக்னம். கரடியையும் கவிழ்க்கும் என்றாராம் கடைக்காரர். அவர்கள் வேட்டைக்குப் போகிற லானோ பக்கத்து ஓடைகளில் கரடி ஏது? வெள்ளைவால் மான்தான் உண்டு, அதுவும் நம்மூர்க் கிடாயைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனாலும் பெரியதாகவே வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை பாருங்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற புத்தி.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இருதய நிபுணர், ஆறடி உயரம். வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர்தான் என்பதால் அங்கே அவர் வைத்ததே சட்டம். நவம்பரில் சபைக்கு அறுப்புப் பண்டிகை வரும். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அன்றைய அசனச் சாப்பாட்டில் மான்கறி இல்லாவிட்டால் பண்டிகை களை கட்டாது. மானைக் கொண்டுவருவது ஆண்கள், கழுவி ஆக்கி இறக்குவது பெண்கள் என்று பல வருடமாக நடந்துவந்தது. அதில் கை வைத்தவள் ஜெயலீலா.

அவள் பாளையங்கோட்டைக்காரி. லாஸ் கொலினாஸில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள், கணவன் ஞானசீலன் உட்பட. இந்த மான் எப்படிச் செத்தது என்று தெரியாமலே வருடா வருடம் மசாலா அரைக்கிறேனே என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றிவிட்டது. வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள், தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கினாள், போன வருடம் அவர்களோடு கிளம்பியும் விட்டாள். ஞானசீலன் அவளுக்கும் அதே மேக்னத்தை வாங்கிக் கொடுத்தான். டாக்டர் பெருந்தன்மையோடு ஓடைக்கரையில் மறைந்திருந்து சுடுகிற தன் சொந்த மேடையை ஒருநாள் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

மான் வந்தது. தோளில் பதிகிற கட்டை அவளுக்கு நீளம் என்பதால் கழுத்தை முன்னால் எக்கித்தான் தொலைநோக்கிக்குள் பார்க்க முடிந்தது. விசையை அழுத்தினாள். துப்பாக்கி பின்னால் பாய்ந்து, தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ரத்தம் வழிகிற கண்ணோடு அவள் பார்த்தபோது மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாயும்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. புருவத்துக்குத் தையல் போட்டபோது அவள் அழவில்லை. அந்த மானின் காலை நினைத்துத்தான் பல நாள் அழுதாள்.

அதன் பிறகு அசனப் பந்தியில் ஒரு கேலி பிறந்தது. "லீலா சுட்ட மான் இன்னும் ஓடிக்கிட்டே இருக்காம்." நல்ல கேலிதான், ஒரு வருடம் ஓடியது. ஆண்கள் சுட்டுக் காணாமல் போன மான்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் காற்று காரணம், கிளை காரணம், நரி இழுத்துக்கொண்டு போனது காரணம். அவளுடைய மானுக்கு மட்டும் அவள் பெண்ணாகப் பிறந்தது காரணம்.

இந்த வருடம் செப்டம்பரில் டாக்டர் அவர்கள் வீட்டுக்கு வந்து, இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

"தங்கச்சி, துவக்கில பிழை இல்லை, பிடிக்கிற கையிலதான் பிழை. இந்த முறை நீர் கேம்புக்கு வாரும், சமையலைப் பாரும். துவக்கை எங்களிட்ட விடும்."

ஞானசீலன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயலீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையில்தான் பிழை என்றால் அதையும் அவளே கண்டுபிடிப்பாள். துப்பாக்கியில் பிழை என்றால் அதையும் அவளே நிரூபிப்பாள். இரண்டில் எது என்று தெரியாமல் கேம்பில் வெங்காயம் உரிப்பதாக இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஞானசீலனையும் இழுத்துக்கொண்டு இர்விங் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். டெக்சஸ் செப்டம்பர் வெயிலில் அவள் கனத்த வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனதைக் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நவம்பரில் அந்தக் கோட்டோடுதானே சுட வேண்டும்? கைப்பையில் தையல் பெட்டியிலிருந்து எடுத்த இஞ்ச் டேப்பும் இருந்தது. கட்டையின் நீளத்துக்காக முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை வீட்டிலேயே அளந்துவிட்டாள். அளவு பிளவுஸ் கொடுக்காமல் எந்தப் பெண்ணாவது டெய்லரிடம் துணி கொடுப்பாளா? பிளவுஸ் இறுகினால் மூச்சுதான் முட்டும். துப்பாக்கி அளவு தப்பினால் ஒரு உயிர் காலை இழுத்துக்கொண்டு அலையும்.

கடைப் பையன் ஞானசீலனைப் பார்த்தே பேசினான். அம்மணிக்கு என்று ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினான், பூவைப் போல லேசாக இருக்கும் என்றான். லேசாக இருந்தால் சுடும்போது உதை கூடுமே என்று ஜெயலீலா சொன்னாள். பையன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான்.

ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். தோட்டா அறையை மூடுகிற போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்வாள். பிறகு கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் தானாக உட்கார விட்டு, கண்ணைத் திறப்பாள். தொலைநோக்கிக்குள் முழு நிலா போல வட்டம் தெரிந்தால் அளவு சரி. விளிம்பில் கறுப்பு பிறை கட்டினால் சரியில்லை. கடையிலிருந்த மேக்னத்தில் பாதி இருட்டாக இருந்தது. இன்னொன்றில் வட்டம் முழுசாகத் தெரிந்தது, ஆனால் போல்ட்டை இழுக்கத் தோளிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. வேறொன்றின் பாதுகாப்புப் பொத்தான் கையுறை போட்ட விரலுக்கு அகப்படவில்லை. பையன் சலிக்கத் தொடங்கினான், அவள் சலிக்கவில்லை.

கடைசியில் குட்டைக் கட்டை போட்ட ஒரு போல்ட் துப்பாக்கி. செவன் எம்எம் நாட் எயிட். எடுத்து வைத்த உடனே கன்னம் கட்டையில் படிந்தது, கண்ணைத் திறந்தால் முழு வட்டம். மானுக்கு வேண்டிய வலு அதில் இருந்தது, கரடிக்கு வேண்டிய வலு இல்லை. கோட்டுக்குள் வேர்த்து ஊற்ற, அவள் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சந்தோஷமாக இருந்தது.

"நம்மகிட்ட மேக்னம் தோட்டா பெட்டி பெட்டியா கிடக்கு லீலா," என்றான் ஞானசீலன் மெதுவாக. "இதுக்கு தனியா வாங்கணும். டாக்டர் என்ன நினைப்பாரு?"

"டாக்டர் தோளுக்கா வாங்குறோம்?"

ஞானசீலனின் தோளைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நவம்பரிலும் லானோவிலிருந்து வந்ததும் படுக்கையறை முழுக்கத் தைல வாசனை அடிக்கும். கார் ஓட்டின அலுப்பு என்பான். திரும்பி வரும்போது ஓட்டுவது டாக்டர்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சுடுதளத்துக்குப் போனாள். குண்டுகள் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் விழுந்தன. ஆனாலும் குறி அட்டையைச் சுடுவது வேறு, மானைச் சுடுவது வேறு. போன வருடம் தப்பியது கையா, துப்பாக்கியா என்கிற கேள்வி அவளை விடவில்லை. அதற்கும் ஒரு சோதனை இருப்பதாகப் படித்தாள். சோதனை என்றால் அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

அக்டோபரில் எல்லோரும் ஒன்றாகப் போய்க் குறி சரிபார்க்கிற நாள். டாக்டர் அவள் துப்பாக்கியைப் பார்த்துச் சிரித்தார். விளையாட்டுச் சாமான் என்றார். தன் நிலத்தில் ஒரே வகைத் தோட்டாதான், இதற்கு அங்கே இடமில்லை, ஓடைக்கரை மேடையை மறந்துவிடச் சொன்னார். ஞானசீலனும், டாக்டரின் ஊர்க்காரனான நிரோஜனும் வழக்கம்போல டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜெயலீலா பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெடிமருந்தில்லாத பொம்மைத் தோட்டாக்கள், இரண்டு அளவிலும். சுடுகிறவர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நிரோஜன் நிஜத் தோட்டாவோ பொம்மையோ தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டு மூட வேண்டும். எது இருக்கிறதென்று தெரியாமல் சுட வேண்டும். பொம்மை என்றால் வெடிக்காது, உதைக்காது. துப்பாக்கி தானாக அசைய வழியில்லை. அப்போதும் குழல் அசைந்தால், உதைக்குப் பயந்து அசைத்தது ஆள்.

"மொதல்ல நான்," என்றாள்.

தன் துப்பாக்கியில் சுட்டாள். வெடித்தது. மறுபடி வெடித்தது. மூன்றாவது தடவை 'க்ளிக்' என்று மட்டும் கேட்டது. குழல் இம்மிகூட நகரவில்லை. பிறகு அவளே போன வருடத்து மேக்னத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். க்ளிக். குழல் பொசுக்கென்று குனிந்தது, அவள் கண் இறுக மூடியிருந்தது, தோள் ஒரு சாண் பின்வாங்கியிருந்தது.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். நான் அப்பவே சொன்னேனே என்றார்.

"சொன்னீங்க. அன்னைக்கு கண்ணை மூடினது நான்தான், இப்ப எல்லாரும் பாத்தாச்சு. உக்காருங்க அண்ணாச்சி. உங்க டர்ன்."

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவர் உட்கார்ந்தார். முதல் தோட்டா நிஜம், இடி போல முழங்கியது. அவர் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அடுத்தது க்ளிக். ஆறடி மனிதர் மேசைமேல் முட்டிவிடுவது போல முன்னால் பாய்ந்தார். குழல் தரையைப் பார்த்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன, பல்லைக் கடித்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தோட்டா பழுது என்றார் டாக்டர். நிரோஜன் போல்ட்டை இழுத்தான். ஆரஞ்சுத் தோட்டா மேசையில் விழுந்து உருண்டது.

"எனக்கும் உப்பிடித்தான் அண்ணை," என்றான் நிரோஜன், உருண்டதைப் பார்த்துக்கொண்டே. "முதல் வருசத்தில இருந்தே கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுறன்."

ஜெயலீலா எவர்சில்வர் டப்பாவைப் பட்டென்று மூடினாள். ஜெயித்த மகிழ்ச்சி என்று நினைக்க வேண்டாம், கோபம்தான்.

"அந்த மான் என்னாலதான் அடிபட்டுச்சு அண்ணாச்சி. ஒரு வருஷமா பந்தியில உக்காந்து கேட்டுக்கிட்டேன். காத்துல போச்சு, கிளையில பட்டுச்சுன்னு நீங்கல்லாம் விட்ட மானுங்க? அதெல்லாம் யார் கணக்கு?"

டாக்டர் காது மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் துப்பாக்கியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தாரும், ஒருக்கா பிடிச்சுப் பாப்பம்."

அவள் போல்ட்டைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இது என் அளவு அண்ணாச்சி, உங்களுக்குச் சேராது. கடைக்கு நான் கூட வாறேன், உங்களுக்குப் பொருத்தமா ஒண்ணு பாப்போம். ஆனா நவம்பர்ல ஓடைக்கரை மேடையில நான்தான் உக்காருவேன். கேம்ப்ல வெங்காயம் யார் உரிக்கிறதுன்னு நீங்க பேசி முடிவு பண்ணிக்குங்க."

நிரோஜன் பழக்கதோஷத்தில் டாக்டரின் முகத்தைப் பார்த்தான். டாக்டர் தூரத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசீலன் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் ஜெயலீலாவின் கைப்பையைத் திறந்து துழாவி, இஞ்ச் டேப்பை எடுத்து, முழங்கையை மடக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும் லீலா?"

"மொதல்ல போய் கோட்ட போட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.