தொண்ணூறில் இரண்டு லாரிகள்

இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டியும் ஒருவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வருகிறதென்றால், அது பாராட்டா கேலியா என்று கேட்கக் கூடாது. டிப்போவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. விரைவுச்சாலையில் லாரிக்கென்று ஓர லேன் இருக்கிறது, அதில் போனால் போதும் என்பது அவர் கொள்கை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அவர் பந்திக்கும் முந்தியதில்லை. கடைசியில் போய் உட்கார்ந்து, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு எழுந்து வருவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கொட்டுகிற மழையில், முன்னால் போன லாரியை முந்துவதற்காக இண்டிகேட்டர் போட்டார். காரணம் இல்லாமல் இல்லை. காரணம் வீட்டில் இருந்தது, அதற்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை மகளுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். விடிந்தும் விடியாததுமாக, அவர் காபியில் வாய் வைக்கும் நேரம் பார்த்து மனைவி ஆரம்பித்தாள்.

“எனக்குக் கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. அவன் வராம நான் போட்டோவுக்கு நிக்க மாட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போறோம். கூப்பிட வேண்டியது நீங்க.”

“நான் எதுக்கு?”

“இடிச்சது நீங்கதானே?”

“நான் எங்க இடிச்சேன்? வண்டிக்குள்ள இருந்தது அவன்.”

“இந்தா, இந்தப் பேச்சுதான். இந்தப் பேச்சாலதான் மூணு வருஷமா அவன் இந்த வாசப்படி மிதிக்கல.”

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சினன் புதுக் கார் வாங்கினான். வாங்கி மூன்றாம் நாள் அக்காவிடம் காட்ட எடுத்து வந்தான். அவனும் லாரி டிரைவர்தான், வேறு கம்பெனி. காரை வாசலில் பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். நிதானம் பின்னால் நின்று கையைக் காட்டி, “வா, வா, வா” என்றார். பாதியில் போன் வந்தது, டிப்போவிலிருந்து. போனைக் காதில் வைத்துத் திரும்பி நின்று பேசிக்கொண்டே, கை பாட்டுக்குக் கை ஆட, வாய் பாட்டுக்கு “வா, வா” என்றது. மச்சினன் வந்தான். சுவர் வரைக்கும் வந்தான். அதற்கப்புறமும் அரை அடி வந்தான்.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் ஒருவன் நின்று வழி சொன்னால், ஓட்டுகிறவன் அவன் சொல்லைத்தான் கேட்க வேண்டும், கண்ணாடியைக்கூட நம்பக் கூடாது. ‘போதும்’ என்று சொல்லும் வரை வரலாம். போதும் என்று சொல்லாமல் இடித்தால் பழி பின்னால் நின்றவனுக்கு. இது எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். நிதானத்துக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவர் வாயில் வந்தது இது:

“கண்ணாடி எதுக்குடா வச்சிருக்கான்?”

ஒரு டிரைவரைப் பார்த்து இன்னொரு டிரைவர் கேட்கிற கேள்வியா இது? அதுவும் அக்கா முன்னால், அக்கா மகள் முன்னால். மச்சினன் நசுங்கிய பம்பரோடு காரை எடுத்துக்கொண்டு போனவன்தான். அதன் பிறகு குற்றம் தன்மேல் என்பதை நிதானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்ததில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்கு அவர் வண்டியில் இருந்தது கழிவறைக் காகிதம். பதினொன்றரைக்குள் கிடங்கில் இறக்கினால் சாயங்காலம் வீடு. தவறினால் வரிசையில் கடைசி ஆளாக நின்று, நடுராத்திரிதான் வீடு. அப்புறம் மச்சினன் வீட்டுக்கு எங்கே போவது? முன்னால் போன லாரியோ எண்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருந்தது. அவர் வண்டி தொண்ணூறு போகும். அதற்கு மேல் போகாதபடி கம்பெனி பூட்டி வைத்திருந்தது, எல்லா லாரிக்கும் அப்படித்தான். இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துவதைப் பின்னாலிருந்து பார்க்கிற கார்க்காரர்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும். வரட்டும், இரண்டு நிமிஷ வேலைதானே என்று நினைத்தார்.

தாண்டியது முதலில் அந்த லாரியின் பின்கதவு, நடு உடம்பு, அப்புறம் டிரைவர் உட்காரும் முன்கூண்டு. கூண்டுக்குக் கூண்டு நேராக வந்ததும், பக்கத்து சீட் ஜன்னல் வழியாக அந்த டிரைவரை ஒரு மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார்.

மச்சினன்.

கம்பெனி மாறியிருக்கிறான், வண்டி மாறியிருக்கிறது, மூஞ்சி மாறவில்லை. அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். டீசல் மிச்சம் பிடிக்க எண்பத்தெட்டில் போய்க்கொண்டிருந்தவன், ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினான். அவன் வண்டிக்கும் தொண்ணூறில்தான் பூட்டு.

இப்போது இரண்டு லாரியும் தொண்ணூறு. இருந்தது இரண்டே லேன், இரண்டிலும் குடும்பம்.

ஒரு கிலோமீட்டர் போயிற்று. மூன்று போயிற்று. பின்னால் கார்கள் சேர்ந்தன. முதலில் ஹாரன், அப்புறம் விளக்கு, அப்புறம் இரண்டும். பின்வாங்கலாம் என்று நிதானம் கண்ணாடியைப் பார்த்தார். மச்சினன் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பால் டேங்கர் ஒட்டி வந்து, இருந்த இடைவெளியை அடைத்திருந்தது. முன்னால் போக முடியாது, பின்னால் போக இடமில்லை. இன்னும் நான்கு நிமிஷத்தில் பாலம், பாலத்தைத் தாண்டினால் ஏற்றம். ஏற்றத்தில் லாரி முந்தக் கூடாது, கேமரா இருக்கிறது.

போன் அடித்தது. டாஷ்போர்டிலேயே பேசுகிற போன். மனைவி.

“எங்க இருக்கீங்க? என்ன இவ்வளவு ஹாரன் சத்தம்?”

“கொஞ்சம் கூட்டம்.” அவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார். மறைக்கவும் தெரியாது, சமாளிக்கவும் தெரியாது. “உன் தம்பி இங்கதான் இருக்கான்.”

“எங்க?”

“பக்கத்துல.”

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“நிஜமாவா? நீங்களே போய்ட்டீங்களா? எத்தனை நேரமா?”

“அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“அஞ்சு நிமிஷமா ஒண்ணா இருக்கீங்களா! சண்டை போடலையே?”

“ஒரு வார்த்தை பேசலை.”

“போனை அவன்கிட்ட குடுங்க.”

“அவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கான்.”

“அப்ப நீங்க?”

“நானும்தான்.”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது அவருக்கு. அவளோ சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகையைக் கேட்டதும், மூன்று வருஷமாக இவள் நாளும் கிழமையும் பார்த்துத் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய், தனியாகத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சமையலறைக்குள் நுழைந்ததெல்லாம் கண் முன்னால் வந்தது. ‘லாரிகள் முந்தத் தடை, நான்கு கிலோமீட்டரில்’ என்கிற பலகையும் கண் முன்னால் வந்தது.

“இந்தா பாரு, அழாத. நாங்க ஒண்ணா இல்ல. அவன் ஒரு லாரியில, நான் ஒரு லாரியில. ரெண்டு வண்டியும் ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போகுது. யாரும் வழி விடல.”

மறுமுனையில் அழுகை நின்றது.

“அட கடவுளே,” என்றாள் மனைவி. “உங்க ரெண்டு பேருக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

“தப்பு என்மேலதான்.”

“இப்ப முந்துனதா?”

“அன்னைக்கு. சுவரு. நான் போன் பேசிக்கிட்டே வா வான்னேன். திரும்பிப் பாக்கவே இல்ல. போதும்னு நான்தான் சொல்லல. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. சொன்னா அசிங்கமா இருக்கும்னு சொல்லாமலே இருந்துட்டேன்.”

“இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பக்கத்துலதானே இருக்கான், சொல்லுங்க.”

“நடுவுல ரெண்டு கதவு இருக்கு. மழை வேற.”

“வைங்க போனை,” என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

இரண்டு கிலோமீட்டர் பலகை வந்தது. ஒரு கிலோமீட்டரும் வந்தது. நிதானம் தலையைத் திருப்பவே இல்லை, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தார். பக்கத்துக் கூண்டில் டாஷ்போர்டில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. மச்சினனின் விரல் அதைத் தொட்டது. வாயசைக்காமல் கேட்டான். அப்புறம் திரும்பி, இந்தப் பக்கம் பார்த்தான். முகத்தில் கோபமா சிரிப்பா என்று மழையில் தெரியவில்லை.

அவன் காலை எடுத்தான். பக்கத்துக் கூண்டு மெல்லப் பின்னால் நழுவியது. முதலில் கதவு நழுவியது, அப்புறம் கண்ணாடி, அப்புறம் முகப்பு. இனி நிதானம் தன் வண்டியின் வால் முழுசாகத் தாண்டிவிட்டதா என்று பார்த்து ஓர லேனுக்குள் நுழைய வேண்டும். பதினாறு மீட்டர் பின்னால் இருக்கிற வால் அது. அந்தப் பக்கக் கண்ணாடியில் வெறும் தண்ணீர்ப் புகைதான் தெரிந்தது. இதற்கும் லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் விழுந்தவன் இடம் விட்டதும் ஒரு தடவை விளக்கை அடிப்பான். வா என்று அர்த்தம்.

விளக்கு அடித்தது.

நிதானம் யோசித்தார். வா என்கிறான். யார் வா என்கிறது? நான் வா என்றதைக் கேட்டுச் சுவரில் மோதினவன். அவன் மனசு வைத்தால், இப்போது வால் தாண்டுவதற்குப் பத்தடி முன்னாலேயே வா என்று சொல்லலாம். கணக்குத் தீர்ந்துவிடும். கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்தார். புகைதான். கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான் என்று யாரோ காதுக்குள் கேட்டார்கள்.

அவர் கண்ணாடியை விட்டுவிட்டார். இண்டிகேட்டரைப் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, மச்சினன் சொல்லை நம்பி உள்ளே போனார். ஒன்றும் இடிக்கவில்லை. தாராளமாக இன்னொரு லாரி நுழைகிற அளவுக்கு இடம் விட்டிருந்தான். பாலம் வந்தது, ஏற்றம் வந்தது, கேமரா தேமே என்று நின்றிருந்தது. பக்கத்தில் கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின. ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு முகம் திரும்பி அவரைத் திட்டிவிட்டுப் போனது. நிதானம் எல்லோருக்கும் தலையாட்டினார். அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இண்டிகேட்டரைத் தட்டி மச்சினனுக்கு நன்றி சொன்னார். மூன்று வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

போன் அடித்தது.

“வெள்ளிக்கிழமை வர்றானாம்,” என்றாள் மனைவி. “ஆனா வண்டியத் தெருவுலயே விட்ருவானாம். நீங்க வழி சொல்ல வேணாமாம்.”

“நியாயம்தான்,” என்றார் நிதானம்.

வெள்ளிக்கிழமை காலை தெருவில் ஈ நுழைய இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கார்களும் பக்கத்து வீட்டுக் கார்களும் இரண்டு பக்கமும் அடைத்திருந்தன. மச்சினனின் கார் ஒரு தடவை வீட்டைத் தாண்டிப் போனது. சுற்றி வந்து இன்னொரு தடவை போனது. மூன்றாம் தடவை வாசலுக்கு நேராக நின்றது. பின் பம்பரில் அந்த நசுங்கல் அப்படியே இருந்தது, சாட்சிக்கு வைத்திருப்பான் போல. ரிவர்ஸ் கியர் விழுந்து, பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது.

மகளும் மனைவியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நிதானம் புதுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கல்யாணப் பெண் கையில் கொடுத்தார். சுவர் ஓரமாகப் போய் நின்றார். சுவரில் பூசின இடம் இன்னும் வேறு நிறமாகத் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கினார்.

“வா,” என்றார். “வா... நேரா வா... வா...”

கார் வந்தது. பின்கண்ணாடி வழியாக மச்சினனின் பிடரி தெரிந்தது. அவன் இந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்து உட்கார்ந்தபடி, சொல்லுக்குச் சொல் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

“வா... வா... போதும்.”

கார் நின்றது. மச்சினன் இறங்கிப் பின்னால் வந்து, பம்பருக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து பார்த்தான். கையை விரித்து வைத்து அளந்தான்.

“இன்னும் ரெண்டு சாண் இருக்கே, அத்தான்.”

“இருக்கட்டும்டா,” என்றார் நிதானம்.