மூன்றாவது இலை

செத்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அவன் வேலை. காய்ந்த தண்டை நூலால் தைத்து, இலைகளின் அடியில் பசை தடவி, மேலே எடைக்கல் வைத்து அழுத்திவிட்டால் தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடக்கும். மனைவி இறந்துபோன பிறகு இந்த வேலை அவனுக்கு இன்னும் தோதாகிவிட்டது. மேசைமேல் இருக்கும் எதுவும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதில்லை.

அந்த வாரம் செடிக் காப்பகத்தின் கீழ்த்தளத்தை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்காரிக்கென்று ஓர் அறை, வெள்ளிக்கிழமை திறப்பு.

காப்பகத்தில் பாதி அலமாரி மலைக்காரி கொண்டுவந்ததுதான். யாரும் ஏறத் துணியாத மலைத்தொடரில் முதலில் ஏறி, யாரும் பார்த்திராத செடிகளை முதுகில் கட்டி இறக்கியவள். பாடப்புத்தகத்தில் படம் உண்டு: தொப்பி, பூட்ஸ், வெயிலுக்கு இடுக்கிய கண். கடைசிப் பயணத்தில் மலையிலேயே காணாமல் போனாள். ஆற்றோரம் பை மட்டும் கிடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடிவிட்டு, இறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். மகன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன்.

பழைய அலமாரியை நகர்த்தியபோது சுவரோரம் ஒரு கட்டு விழுந்து கிடந்தது. செய்தித்தாளில் செடியை வைத்து, இருபுறமும் அட்டை கொடுத்து, கயிற்றால் இறுக்கிய கட்டு. தபால் தலை இல்லை. முகவரியும் இல்லை.

“போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட,” என்றாள் லேபிள் அக்கா. செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுபவள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. “யாரு தம்பி போட்டுட்டுப் போனது?”

அவன் முடிச்சைப் பார்த்தான். இரண்டு சுற்று, நுனியை உள்ளே செருகல். மலைக்காரியின் முடிச்சு. நூற்றுக்கணக்கில் அவிழ்த்திருக்கிறான்.

“அவங்கதான்க்கா.”

உள்ளே ஒரே ஒரு செடி. காய்ந்து சுருண்டு, இறுக மூடிய கைமுட்டி மாதிரி இருந்தது. தொட்டால் பொடிந்துவிடும். இப்படிச் சுருண்டவற்றை ஈர ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து மூடிவிட்டுப் போவது வழக்கம். மறுநாள் இளகியிருக்கும், இலைகளைப் பிரித்து ஒட்டலாம். அவனும் அப்படியே செய்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் ஒற்றுத்தாளை விலக்கியபோது செடி பச்சையாக இருந்தது.

இளகவில்லை. விரிந்திருந்தது. தண்டில் பளபளப்பு, இலைகளில் நரம்பு ஓடியது. இலைகளெல்லாம் மேல்நோக்கி இருக்க, இடப்பக்கம் அடியிலிருந்து மூன்றாவது இலை மட்டும் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. இலையின் அடிப்புறமும் தெரியவேண்டும் என்று ஓர் இலையைத் திருப்பி வைப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் எப்போதும் அந்த இலையைத் திருப்புகிறவள் மலைக்காரி ஒருத்திதான்.

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு, அந்த இலைக்கு நேராகக் குனிந்து பார்த்தான். ஒரு வருஷமாக அவனுக்கு எதுவும் அப்படி உறைத்ததில்லை.

செடி இருந்த செய்தித்தாளை அப்போதுதான் விரித்துப் பார்த்தான். நடுப்பக்கத்தில் அதே தொப்பி, அதே இடுக்கிய கண். ‘தேடுதல் கைவிடப்பட்டது, ஆய்வாளர் இறந்ததாக அறிவிப்பு.’ செடியின் ஈரம் பழுப்புக் கறையாக அந்த முகத்தின் மேல் பதிந்திருந்தது. பறித்த ஈரம் காயாத செடியைத்தான் தாளில் வைப்பார்கள். தன் சாவுச் செய்தியின் மேல் அவள் ஒரு செடியை வைத்து, இலையைத் திருப்பி, கட்டி முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

லேபிள் அக்கா படித்துவிட்டுத் தாளை அவனிடமே நீட்டினாள்.

“இதை அந்த மனுஷன்கிட்ட காட்டிடாதே,” என்றாள்.

அந்த மனுஷன், மலைக்காரியின் மகன். மருந்துக்கடை வைத்திருந்தவர்; இப்போது தலை முழுக்க நரை. காப்பகத்துக்கு வரும்போதெல்லாம் அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: ‘வர முடியாம போயிட்டாங்க.’

“அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் தம்பி அவரு வளந்தாரு. அதை ஏன் பிடுங்கறே?”

“உயிரோட இருந்திருக்காங்கக்கா. இதைவிட நல்ல சேதி என்ன இருக்கு?”

தன் மனைவி இப்படி எங்கேயாவது, தன்னை விட்டு ஓடிப்போயாவது, உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு துண்டுத்தாள் வந்தால் அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்தான்.

அன்று மதியம், கண்காட்சியில் வைக்க அம்மாவின் பூட்ஸை எடுத்துக்கொண்டு மகன் வந்தார். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். செடியையும் அதன் திரும்பிய இலையையும் காட்டினான், முடிச்சைக் காட்டினான். பிறகு தாளை விரித்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இந்தக் கட்டு தபால்ல வந்ததா?”

“ஸ்டாம்ப் இல்ல சார்.”

“அப்போ கையில கொண்டுவந்து போட்டிருக்காங்க.”

அவன் அதுவரை அதை யோசிக்கவில்லை.

“எங்க வீடு அப்போ அடுத்த தெருவுல,” என்றார் அவர். “இந்த வாசல்ல நின்னா எங்க மாடி ஜன்னல் தெரியும். ராத்திரி நான் விளக்கை அணைக்க விடமாட்டேன். அம்மாவுக்கு அடையாளம் தெரியணும்னு.”

லேபிள் அக்கா எழுதுவதை நிறுத்தினாள்.

“இதுவரைக்கும் வந்திருக்காங்க. அங்க வரலை.” கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “தம்பி, நீங்க நல்ல எண்ணத்துலதான் காட்டுனீங்க. தெரியுது.”

அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். “இதைக் காய வச்சு ஒட்டிடுங்க. எல்லா இலையும் மேல பாத்த மாதிரியே. அவங்க பழக்கம் எதுவும் இதுல வேண்டாம்.”

அவன் சொன்னபடி செய்தான். சூட்டுப்பெட்டியில் காயவைத்தான், பூச்சி சாக வைக்கும் உறைபெட்டியில் போட்டான். மறுபடி முட்டியாகச் சுருண்டதைப் பொறுமையாகப் பிரித்து, இலை இலையாக ஒட்டினான். மூன்றாவது இலைக்கு இரட்டைப் பசை. அதன்மேல் கனமான கல். பசை காய்ந்ததும் கண்ணாடிப் பேழையில் வைத்து, காப்பகப் பொறுப்பாளரான மேடம் பூட்டினாள். சாவி மேடத்தின் இடுப்பில்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. ஈரக்குடைகள், மாலை, பேச்சுகள். மலைக்காரி அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தாள் என்றார் ஒருவர். மகன் முன்வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகுதான் பேழையருகே போனார். அவன் கொஞ்சம் தள்ளி நின்றான்.

“நீங்க திருப்புனீங்களா?” என்று கேட்டார்.

அவன் குனிந்து பார்த்தான். செடி கரும்பச்சையாக இருந்தது. இடப்பக்கம் அடியிலிருந்து மூன்றாவது இலை முதுகைக் காட்டியது. அது இருந்த இடத்தில் பசை கிழியாமல், இலையின் வடிவத்தில், நகம் படாத பாலாடைபோல் இருந்தது.

“இல்ல சார்.”

“வேற யாராவது?”

“சாவி மேடம்கிட்ட.”

அவர் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடியின் உட்புறம் அந்த இடத்தில் மட்டும், உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல், ஆவி படர்ந்தது. கையை எடுத்ததும் மறைந்தது.

“யாரு சொன்னாலும் கேக்கற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது,” என்றார். குரலில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. “அப்பா சொல்லுவாரு.”

பிறகு லேபிள் அக்காவைப் பார்த்தார். “ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமாம்மா?”

அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் குடிக்கவில்லை.

“பேழையைத் திறங்க.”

காப்பகத்துக்குள் தண்ணீர் கூடாது என்பது அங்கே முதல் விதி. மேடம் அவர் முகத்தைப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். அவர் டம்ளரை உள்ளே, செடிக்குப் பக்கத்தில், சிந்தாமல் வைத்தார்.

“வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுக்கணும்ல,” என்றார். “லேட்டா வந்தாலும்.”

குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அவன் எல்லோருக்கும் முன்னால் வந்தான். பேழை பூட்டியிருந்தது. டம்ளர் காலி. தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மேடம் வரும்வரை காத்திருந்து சாவியை வாங்கினான். டம்ளரைக் கழுவி, நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தான்.